கழுத்து நெறிக்கும் முள் உண்டு

பாஞ்சாலங்குறிச்சியில் தொடங்கி ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி என்று கரிசல் காடு விரிந்து கிடக்கிற ஊர்களில் எங்கே போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"என்ன பிள்ள, கழுத்துல ஏதோ உருண்டையாத் தெரியுது?"

"நெறி கட்டியிருக்கு மதினி. ரெண்டு மாசமா இருக்கு."

"வலிக்கா?"

"வலிக்கல."

"வலிக்கலைல்ல, பெறவென்ன? தன்னால கரைஞ்சிரும்."

கேள்வி ஒன்று, பதில் ஒன்று, தீர்ப்பும் சொல்லியாயிற்று. அந்தப் பெண் மறுநாள் வழக்கம்போலத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். துப்பட்டாவைச் சற்று ஏற்றிப் போட்டுக்கொள்கிறாள். ஒரு உருண்டை மூன்றாகிறது, மூன்றும் ஒட்டிக்கொள்கின்றன. வலி மட்டும் வரவே இல்லை. ஆகவே கவலையும் வரவில்லை.

வலிக்காத கட்டி ஒன்றும் செய்யாது என்கிற இந்த நம்பிக்கை படிக்காதவர்களுடையது என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. வங்கியில் வேலை பார்ப்பவர் சொல்கிறார், பள்ளிக்கூட ஆசிரியர் சொல்கிறார், மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவரும் சொல்கிறார். கழுத்துக் கட்டியைப் பொறுத்தவரை இது தலைகீழான பாடம். அங்கே வலி பெரும்பாலும் ஆறுதலான சேதி. வாரக் கணக்கில் வலிக்காமல் உட்கார்ந்திருக்கும் கட்டிதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறது.

இத்தனைக்கும் நெறி என்றால் என்ன என்பதைக் கரிசல்காட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விறகு வெட்டப் போன இடத்தில் காலில் வேலிக்கருவை முள் ஏறிவிட்டால், இரண்டாம் நாள் தொடை இடுக்கில் நெறி கட்டும். நடக்க முடியாமல் வருகிறவரைப் பார்த்து, "கால்ல என்ன குத்துச்சு?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். தொடை இடுக்கில் கைவைத்துப் பார்ப்பதற்கு முன்னால் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். முள்ளை எடுத்தால் நெறி தானே இறங்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நெறி ஓரிடத்தில் கட்டினால் காரணம் வேறிடத்தில் இருக்கும் என்கிற இந்த அறிவு, மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சொல்லித்தரும் நிணநீர் பாடத்தின் சாரம். அதைக் கைவசம் வைத்திருக்கும் ஊர், கழுத்தில் கட்டினால் மட்டும் முள்ளைத் தேடுவதில்லை. வலிக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறது.

கழுத்தில் நெறிகளுக்குப் பஞ்சமே இல்லை. உடம்பு முழுக்க உள்ள நிணநீர்க் கணுக்களில் ஏறத்தாழ 300 கழுத்திலேயே இருக்கின்றன. அவரை விதை போன்ற வடிவம். நல்ல நிலையில் பெரும்பாலானவை கைக்குத் தட்டுப்படாது. உச்சந்தலை, காது, பல், ஈறு, நாக்கு, தொண்டை, மூக்கின் உட்புறம் என்று ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வடிகிற நிணநீர் அதற்கென்று உள்ள கணுக்களின் வழியாகத்தான் போகிறது. பிள்ளையின் தலையில் பேன் கடித்துப் புண்ணானால் பிடரியில் நெறி கட்டும். கடைவாய்ப்பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே கட்டும். தொண்டை புண்ணானால் தாடை மூலையில், காதுக்குச் சற்றுக் கீழே கட்டும். கட்டிய இடத்தைச் சொன்னாலே முள் எங்கே என்று பாதி சொல்லிவிடலாம்.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் மெல்லிய உறை ஒன்று உண்டு. தொண்டையில் கிருமி நுழைந்ததும் கணுவுக்குள் காவல் அணுக்கள் மடமடவெனப் பெருகுகின்றன. இரண்டே நாளில் கணு இரண்டு மூன்று மடங்கு வீங்குகிறது. உறை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விண்ணென்று இழுபடுகிறது. அந்த இழுப்புதான் தொட்டால் நோகும் வலி. கணு தன் வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இப்படி வலித்து வீங்கியவை பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் இறங்கிவிடும்.

மெதுவாக வளர்வதற்கு இந்த இழுப்பு கிடையாது. சாதாரணக் குடல் கிருமி ஒன்று இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாக 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கும். அந்த நிதானத்தில் அது கணுவுக்குள் குடியேறும்போது உறையும் நிதானமாக விரிந்துகொடுக்கிறது. நோவு இல்லை, சூடு இல்லை, சிவப்பு இல்லை. உள்ளே சீழ் பிடித்த பிறகும் இப்படியேதான் இருக்கும் என்பதால் மருத்துவர்கள் இதற்கு வைத்த பெயரே குளிர் சீழ்க்கட்டி. நிணநீர்ப் புற்றுநோயும் ரப்பர் உருண்டை போல வலியில்லாமல்தான் கழுத்தில் வரும். 1832-இல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் எழுதி வைத்த காலத்திலிருந்து அந்த நோயின் முதல் முகம் அதுதான். வாய்ப் புற்றும் தொண்டைப் புற்றும் கழுத்துக்கு இறங்கும்போது கட்டி கல் மாதிரி இருக்கும்; அதுவும் தொடக்கத்தில் வலிக்காது. "வலிக்கா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் பட்டியலில் மிஞ்சி நிற்பவை இவைதான்.

மறுப்பவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கழுத்தில் தட்டுப்படும் நெறிகளில், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு வருபவற்றில், மிகப் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. சளி பிடித்துப் போனபின் பயறளவு உருண்டை மாதக் கணக்கில் நிற்பதும் உண்டு. "எங்க வீட்ல நாலு பேருக்கு வந்துச்சு, எல்லாம் தன்னால போச்சு" என்று பாட்டி சொல்வது உண்மையே. சிக்கல் என்னவென்றால், தன்னால் போன அந்த நாலு கட்டிகள்தான் ஐந்தாவது கட்டிக்குச் சாட்சி சொல்ல வருகின்றன.

பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதை நினைத்துப் பார்க்கலாம். அது நெறிகூட இல்லை. காதுக்கு முன்னால் உள்ள எச்சில் சுரப்பி வைரஸால் வீங்குவது. சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் பத்து நாளில் வடியும். வடிந்ததும் பெயர் சங்கிலிக்குப் போகிறது. தாடையில் தடவிய சுண்ணாம்பும் கருப்பட்டியும், அரைத்துப் போட்ட பத்தும், மந்திரித்துக் கட்டிய கயிறும் இப்படித்தான் பெயர் வாங்கின.

இது கரிசல்காட்டுக்கு மட்டும் உரிய மயக்கமில்லை. இங்கிலாந்திலும் பிரான்சிலும் கழுத்துக் காசக்கட்டிக்கு அரசர் கைபட்டால் போதும் என்று பல நூறு ஆண்டுகள் நம்பினார்கள். நோய்க்கே அரசர் பெயரை வைத்திருந்தார்கள். இரண்டாம் சார்லஸ் மன்னர் தம் ஆட்சியில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொட்டார் என்று கணக்கு இருக்கிறது. பிற்காலத்தில் ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனை இரண்டரை வயதில், 1712-இல், தாய் லண்டனுக்குத் தூக்கிக்கொண்டு போய் ராணி ஆனிடம் காட்டினார். ராணி தொட்டார், கழுத்தில் போட்டுக்கொள்ளப் பொன்நாணயம் ஒன்றும் கொடுத்தார். கட்டிகள் கரையவில்லை, அறுத்தார்கள். அந்தத் தழும்புகளோடுதான் ஜான்சன் 75 வயது வரை வாழ்ந்தார். அத்தனை ஆண்டு காலம் அந்த நம்பிக்கை தாக்குப்பிடித்தது ஏன்? கழுத்துக் காசக்கட்டி சில மாதம் வீங்கும், சில மாதம் வற்றும், பிறகு மறுபடி தலைகாட்டும். வற்றுகிற மாதத்தில் யார் தொட்டிருந்தாரோ அவர் வைத்தியர் ஆகிவிடுவார்.

நம் முன்னோர் இதைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சித்த மருத்துவத்தில் இந்த நோய்க்குக் கண்டமாலை என்று பெயர். கண்டம் என்றால் கழுத்து. கழுத்தைச் சுற்றிப் பூக்கட்டியதுபோல் வரிசையாக வரும் கட்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்கப்போவதில்லை. அதைப் பெரிய நோய் என்று அஞ்சினார்கள், தனியே பெயர் வைத்தார்கள், மருந்து தேடினார்கள். வலிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்பதைப் பாட்டன் சொத்து என்று யாரும் உரிமை கொண்டாட வேண்டாம். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வைத்தியத்தைவிடக் கூலிக் கணக்குக்குத்தான் அது நெருக்கமாக இருக்கிறது.

தீப்பெட்டி ஆபீசில் செய்த வேலைக்குத்தான் காசு. மிளகாய் வத்தல் பறிப்புக்கும் பருத்தி எடுப்புக்கும் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. வானம் பார்த்த பூமியில் வேலை கிடைக்கும் நாட்களே எண்ணி எடுக்கிற அளவுதான். இப்படிப்பட்ட வாழ்க்கையில் நோய் என்பதற்கு ஒரே அளவுகோல், வேலைக்குப் போக முடிகிறதா என்பதே. பல்வலி வேலையை நிறுத்தும், காய்ச்சல் நிறுத்தும், முள் குத்திய கால் நிறுத்தும். கழுத்துக் கட்டி எதையும் நிறுத்தாது. ஆகவே அது நோயே இல்லை. தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டைக்கோ ஒரு தடவை போய்வர ஒரு நாள் கூலி போகும். சோதனை முடிவு வாங்க இன்னொரு நாள். கூட வருகிறவருக்கும் கூலி போகும். இந்தக் கணக்கைப் போடுகிற பெண்ணை அறியாமை என்று திட்டுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் எழுதப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தில், கட்டி உடைந்து மாதக் கணக்கில் சீழ் வடியும் துவாரமும், கல்யாணப் பேச்சில் எல்லோர் கண்ணும் போய் நிற்கும் தழும்பும், சில பேருக்கு உயிரும் இருக்கின்றன.

அந்தத் தழும்புக்கும் பாதிக் காரணம் கைவைத்தியம்தான். பழுத்துவிட்டது என்று சூடு போடுவது, சுண்ணாம்பால் தோலை வேகவைப்பது, சாதாரணச் சிலந்திக் கட்டி போலக் கீறி விடுவது இவையெல்லாம் காசக்கட்டியில் ஆறாத புரையை உண்டாக்கும். சீழை எடுக்க வேண்டியிருந்தால் மருத்துவர்கள் பக்கத்திலுள்ள நல்ல தோல் வழியாக ஊசி செலுத்தி உறிஞ்சுவார்கள். இன்னொரு கைவேலை ஊருக்கு ஊர் நடக்கிறது: என்ன கட்டி என்று தெரியாமலே ஸ்டீராய்டு ஊசி போடுவது. கட்டி பத்து நாளில் சுருங்கிவிடும், போட்டவருக்குப் பெயரும் கிடைக்கும். நிணநீர்ப் புற்றாக இருந்தால் அந்தச் சுருக்கமே ஏமாற்று. பிறகு சதை எடுத்துச் சோதித்தாலும் நோய் முகத்தை மறைத்துக்கொள்ளும்.

இதே தலைகீழ்ப் பாடம் வாய்க்குள்ளும் நடக்கிறது. "பிள்ளைக்கு டான்சில் வந்திருக்கு" என்கிறார்கள், ஏதோ நோய் வந்ததுபோல. டான்சில் எல்லோருக்கும் உண்டு. தொண்டை வாசலில் இருபுறமும் இரண்டு, நாக்கின் அடியில் ஒன்று, மூக்கின் பின்னால் ஒன்று என வளையமாக நிற்கும் நிணத் திசு அது. ஜெர்மானிய உடற்கூற்றியலர் வால்டேயர் 1884-இல் விவரித்ததால் அந்த வளையத்துக்கு அவர் பெயர். ஐந்தாறு வயதில் அது பெரிதாகத்தான் இருக்கும், வளர வளரச் சுருங்கும். அதை உள்நாக்கு வளர்ந்துவிட்டது என்று மிளகுப்பொடி தொட்டு அழுத்துகிற வீடுகள் இன்னும் உண்டு. உள்நாக்கு வேறு, டான்சில் வேறு. வலிக்கிற டான்சிலை வெட்டி எறிந்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிற பெற்றோரும் நிறைய.

வெட்ட வேண்டும் என்ற தீர்ப்பு எவ்வளவு நம்பகமானது என்பதை 1934-இல் அமெரிக்கக் குழந்தைகள் நலச் சங்கம் நியூயார்க்கில் சோதித்தது. பதினொரு வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேர். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாயிற்று. மிச்சமிருந்த 389 பேரை மருத்துவர்கள் பார்த்து 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். மீதி 116 பேரை மூன்றாம் முறை அனுப்ப, 51 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். ஆயிரத்தில் கத்திக்குத் தப்பியது 65 பேர். பார்க்கிற பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அறுவை தேவை என்பது மருத்துவர் மனத்தில் இருந்த விகிதம். பிள்ளையின் தொண்டைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. பிறகுதான் கறாரான அளவு வந்தது. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் ஜாக் பாரடைஸ் குழுவினர் 1984-இல் வெளியிட்ட ஆய்வைத் தொடர்ந்து, ஓராண்டில் ஏழு தடவை, அல்லது இரண்டாண்டில் ஆண்டுக்கு ஐந்து, அல்லது மூன்றாண்டில் ஆண்டுக்கு மூன்று என்ற கணக்கில் கடுமையான தொண்டைப்புண் வந்தால்தான் அறுவையைப் பற்றி யோசிப்பது வழக்கமாயிற்று. தூக்கத்தில் மூச்சடைத்துத் திணறும் பிள்ளைக்கு எடுப்பது வேறு விஷயம். அது தேவையான அறுவை.

ஆக, வலித்துக் கத்துகிற பிள்ளையின் டான்சிலை எடு என்று அவசரப்படுத்தும் அதே வாய், நாற்பது ஆண்டு பீடி குடித்த தாத்தாவுக்கு ஒருபக்க டான்சில் மட்டும் சத்தமில்லாமல் பெருத்திருந்தால் கண்டுகொள்வதில்லை. பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் பெருத்த டான்சில், கூடவே அதே பக்கக் கழுத்தில் கெட்டியான நெறி என்றால் முதலில் புற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். பல பேருக்குக் கழுத்துக் கட்டிதான் முதலில் தெரியும், முள் தொண்டையில் ஒளிந்திருக்கும். கடைவாயில் புகையிலை அடக்குகிறவர்களுக்கு அந்த முள் கன்னத்தின் உட்புறத்தில், நாக்கின் ஓரத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் 2013-இல் குட்காவுக்குத் தடை வந்தது. வெற்றிலையோடு போடும் புகையிலைப் பழக்கம் போகவில்லை. வாய்ப் புற்று கழுத்து நெறிக்கு இறங்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. "வலிக்கல, விடு" என்று கழித்த மூன்று மாதத்தின் விலை அது.

முள் இன்னும் தொலைவில் இருப்பதும் உண்டு. இடது காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் ஒரு கட்டி வந்தால், காரணம் கழுத்தில் இருக்க வேண்டியதில்லை, இரைப்பையில் இருக்கலாம். வயிற்றிலிருந்து மார்பு வழியாக ஏறிவரும் பெரிய நிணக்குழாய் இடது கழுத்தடியில்தான் ரத்தக் குழாயோடு சேர்கிறது. 1848-இல் பெர்லினில் ருடால்ஃப் விர்க்கோ இதைக் கவனித்து எழுதினார். இரைப்பைப் புற்று தமிழ்நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுகளில் ஒன்று என்பதால், அந்தக் குழியில் தட்டுப்படும் கட்டிக்கு இரண்டு வாரத் தவணைகூடக் கொடுக்கக் கூடாது. மற்ற இடங்களில் இரண்டு, மூன்று வாரம் தாண்டியும் இறங்காத கட்டி, பெருத்துக்கொண்டே போகும் கட்டி, அசையாமல் ஒட்டிக்கொண்ட கட்டி, கூடவே எடை குறைவதும் ராத்திரி வேர்த்து நனைவதும் மாலைக் காய்ச்சலும் இருந்தால், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மருத்துவர் ஊசி வைத்துப் பார்க்க வேண்டும் என்பார். "ஊசி வச்சா பரவிரும்" என்ற அடுத்த கதவு அங்கே அடைக்கப்படுகிறது. பயன்படுத்துவது சாதாரணத் தடுப்பூசி போடுகிற ஊசி போன்ற மெல்லியது. கணுவிலிருந்து சில துளி அணுக்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்ப்பார்கள். மயக்க மருந்தும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம். அந்த மெல்லிய ஊசிவழியில் கழுத்துக் கட்டி பரவுவது மிக மிக அரிது. இந்த அச்சத்தில் ஒரு துளி உண்மை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடலாம். 1930-இல் நியூயார்க்கில் ஊசிச் சோதனையை எழுதி வெளியிட்டவர்களில் ஒருவரான ஹேய்ஸ் மார்ட்டின், பிற்பாடு ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: வாயையும் தொண்டையையும் தேடிப் பார்க்காமல் கழுத்துக் கட்டியை நேரே கத்தியால் திறக்காதீர்கள், புற்றாக இருந்தால் பின்னால் வரும் சிகிச்சை கெடும். அவர் எச்சரித்தது கத்தியைப் பற்றி. கத்திக்குப் பதிலாக அவர் கையில் எடுத்ததுதான் ஊசி. ஊரில் நம்புவது வேறு காரணத்தால்: ஆறு மாதம் தாமதித்து வந்தவருக்கு ஊசி வைக்கிறார்கள், அடுத்த மூன்று மாதத்தில் அவர் இறக்கிறார். ஊரார் நினைவில் நிற்பது ஊசி. முந்தைய ஆறு மாதம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஊசியில் காசம் என்று வந்தால் அழ வேண்டியதில்லை. கழுத்து நெறியில் மட்டும் உள்ள காசம் இருமலில் பரவாது. தட்டைத் தனியே வைக்க வேண்டாம், பிள்ளையைத் தள்ளிப் படுக்க வைக்க வேண்டாம். வீட்டில் இருந்தபடியே மாத்திரையில் குணமாகும் என்பதை உலகுக்குக் காட்டியதே சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், குடிசையில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியப் படுக்கையில் இருந்தவர்களும் ஒரேபோலக் குணமானதை 1959-இல் நிறுவியது. அதே மையம் பின்னர் மதுரையில் கழுத்துக் கட்டிக்காரர்களையே கொண்டு நடத்திய ஆய்வில், ஆறு மாத மருந்து போதும் என்று தெரியவந்தது. அந்த மருந்து இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசம். சத்துணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.

மருந்து தொடங்கிய பின்னும் ஒரு கண்டம் இருக்கிறது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில் சில பேருக்குக் கட்டி முன்பைவிடப் பெருக்கும், பக்கத்தில் புதிதாக ஒன்று முளைக்கும், சிலசமயம் நோகவும் செய்யும். மருந்து பலிக்கவில்லை, உடம்புக்குச் சேரவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். செத்த கிருமிகளின் மிச்சத்தை எதிர்த்து உடம்பு இப்போதுதான் முழுவேகத்தில் சண்டை போடுகிறது. மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு மாத்திரையைத் தொடர வேண்டும். இதை முதல் நாளே, மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே, சுகாதாரப் பணியாளர்கள் சொல்லிவிட்டால் பாதிப் பேர் தப்பிப்பார்கள்.

ஆறு மாதம் முடிந்த பிறகும் பாசிப்பயறு அளவில் ஒன்றிரண்டு உருண்டைகள் விரலுக்குத் தட்டுப்படலாம். அவை ஆறிப்போன நெறியின் மிச்சம். அப்போது மதினி கழுத்தைத் தடவிப் பார்த்து, "வலிக்கலைல்ல, பெறவென்ன?" என்று கேட்டால், அவள் சொல்வது சரிதான்.